அப்பா அடைத்த விரிசல்

மணியை முழுசாக்கிய என் அப்பாவுக்கு,

நான் பெருமாநல்லூர்க் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மெர்ச்சண்டைசர் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர் கேட்டதும் நம் ஆட்கள் செய்வதும் ஒன்றுதானா என்று பார்க்கிற வேலை. நேற்றுவரை அங்கே கேட்டதற்குப் பதில் சொன்னதோடு சரி. நேற்று நானாக வாயைத் திறந்தேன். காரணம் நீங்கள்.

அருள்புரத்தில் நீங்கள் பிரிண்டிங் பார்த்தபோது வந்த பென்சில்வேனியா ஆர்டர் நினைவிருக்கிறதா? அந்த அமெரிக்க மாநிலத்தின் பழைய சின்னங்களை டி-ஷர்ட்டில் அடிக்க வேண்டும். கோபுரம் வைத்த செங்கல் மண்டபம், கூரை போட்ட மரப்பாலம், நடுவில் பெரிய மணி. மணியின் விளிம்பிலிருந்து மேலே ஒரு கோடு ஓடியது. அச்சுக்கான பிலிமில் கீறல் விழுந்துவிட்டது என்று நினைத்து, கறுப்பு மை தொட்டு அழகாக அடைத்துவிட்டீர்கள். லாட் முழுக்க ரிஜெக்ட். அது நிஜமாகவே விரிசல் விட்ட மணி என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஒதுக்கிய சட்டைகள் ஊருக்குள்ளேயே விற்றன. நம் தெருவில் பாதிப் பேர் நெஞ்சில் முழு மணி. உங்களுக்கு மணிக்காரர் என்று பேர் வந்தது. நீங்களும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பீர்கள். ஒரு கேள்வியை மட்டும் விடவே இல்லை. "ஏங்கண்ணு, ஒடஞ்ச மணிய எதுக்கு நெஞ்சுல போட்டுக்கறாங்க? நீ படிச்சுட்டு வந்து சொல்லு."

படித்துவிட்டேன். நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா?

நேற்று அதே மணி வந்தது, வேறு பையருக்கு. செக்கிங் டேபிளுக்குப் போனால், கோளாறு இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒவ்வொரு மணியிலும். எல்லாம் விரிசலைப் பார்த்து நின்றன.

"அத்தனையும் மை தொட்டு அடைச்சுருங்க. சாயங்காலம் வண்டி ஏறணும்," என்றார் மேனேஜர். ஃபோர்மன் மை டப்பாவைத் திறந்துவிட்டார்.

"அடைக்கக் கூடாதுங்க சார்," என்றேன். ஃபேன் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். பையர் அனுப்பிய படத்தையும் காட்டினேன்.

"படமே கோளாறா இருக்கும்மா. ஒடஞ்ச மணிய யாராச்சும் கேப்பாங்களா?"

உங்கள் கதையைச் சொல்லாமல் நம்பமாட்டார்கள். சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி. ஃபோர்மன் பிரஷ்ஷை எடுத்தார்.

"எங்கப்பாவும் அப்படித்தானுங்க நெனச்சாரு. அவரு அடைச்சு ஒரு லாட்டே திரும்பிருச்சுங்க."

செக்கிங் பாப்பாத்தி அக்காதான் முதலில் நிமிர்ந்தார். "மணிக்காரரு புள்ளையா நீ? அந்தச் சட்டையக் கிழியற வரைக்கும் போட்டனே சாமி. நல்ல பிரிண்டு, சாயமே போகலீங்க." டேபிளே சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டு, மை டப்பாவை மூடச் சொன்னார். மதியம் முழுக்க அம்புகளை உரித்தோம். ஒன்று என் துப்பட்டாவில் ஒட்டி வீடுவரை வந்தது.

இனி உங்கள் கேள்வி. அந்த மணியின்மேல் விடுதலை என்று எழுதியிருக்கிறதாம். அடிமைகளின் விடுதலைக்குப் போராடியவர்கள் அதைத் தங்கள் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். இப்போது அது ஒலிப்பதில்லை. ஆனாலும் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். இன்னொன்று கேளுங்கள்: நாம் பார்க்கிற அந்த அகலப் பிளவே, விரிசலைச் சரிசெய்யப் போய் வந்ததுதானாம். அங்கேயும் ஒரு மணிக்காரர் இருந்திருக்கிறார், அப்பா.

உங்கள் சட்டை ஒன்று அம்மாவின் பீரோவில் இன்னும் இருக்கிறது. ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் நிற்பேன். உன் மணியில் விரிசல் எங்கே என்று யாராவது கேட்டால், தலையைக் குனிய மாட்டேன். எங்கப்பா சரிபண்ணிட்டாருங்க என்று சத்தமாகவே சொல்வேன்.

மணிக்காரர் மகள்,
பூங்கொடி