நீ எளிமை என்று எழுதிய அறை

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜன்னல் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவைத் தோற்கடித்தது கம்பெனி இல்லை, நீ.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் அந்த இடத்திலேயே உனக்குக் கண் கலங்கிவிடும். மேலே படிக்காமல் பதிவு எழுதப் போய்விடுவாய். கைப்பட எழுதி வருவதை மட்டும்தான் முழு மனதோடு படிப்பேன், மற்றதெல்லாம் இரைச்சல் என்று உன் இணையதளத்தில் எழுதியிருந்தாய். அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். போனில் நான் அனுப்பிய செய்திகள் இரைச்சலில் சேர்ந்துவிட்டன போலிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். நம் குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் கம்பெனி கிடங்கு கட்டியதும், அதன் சுவர் நம் ஜன்னல்களை ஒட்டி எழும்பி அவற்றை மூடியதும் நீ இங்கே இருந்தபோதே நடந்தவை. இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் வரிசையில் எல்லா வீட்டுக்காரர்களும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார்கள். சுவரை இடிக்க முடியாவிட்டால் புதிய குடியிருப்பில் இடம் கொடுங்கள் என்று கேட்டோம். மனுவில் முதல் கையெழுத்து அப்பாவுடையது. ஓடு பாலிஷ் போடும் பிரிவில் அவர் இழுத்த தூசு நெஞ்சில் கெட்டியாகிவிட்டது. காற்று வராத அறையில் வைத்திருந்தால் மருந்து கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

கேன்டீன் ஹாலில் கூட்டம் வைத்தார்கள். குடியிருப்பு அதிகாரி டாக்டர் சீட்டைக் கையால்கூடத் தொடவில்லை. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து உன் பதிவைப் படித்தார். நிறுத்தி நிறுத்தி, நன்றாகவே படித்தார்.

“எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. அதனால் நாங்கள் வெளியே பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான்கு பேருக்கு ஒரே நாற்காலி. அதைவிட நிறைவான வீட்டை நான் இதுவரை கண்டதில்லை.”

படித்து முடித்ததும், “இது நம்ம குவார்ட்டர்ஸ்ல வளர்ந்த புள்ள எழுதினதுதானே? நாங்களா எழுதச் சொன்னோம்? எம் பொண்ணு இதைப் படிச்சுட்டு அழுவுறாய்யா. நீங்க என்னடான்னா குறை சொல்லிக்கிட்டு வர்றீங்க” என்றார். ஹால் முழுக்க அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அப்பா பதில் சொல்லத்தான் எழுந்தார். இருமல் முந்திக்கொண்டது. அது நிற்பதற்குள் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

வெளியே வரும்போது பக்கத்து வீட்டு லாரி மாமா என் அருகில் வந்து, “உங்கண்ணன் சம்பளமே வாங்காம கம்பெனிக்கு வேலை பாக்குறான் பாப்பா. இந்த மாதிரி விசுவாசிக்கு நீண்ட சேவை மெடல் குடுக்கணும்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய கடைசிப் பையனுக்கும் இப்போது மூச்சிழுப்பு வந்திருக்கிறது.

நீ எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நீ எழுத ஆரம்பித்த காலத்தில் உன்னைப் படித்த இரண்டு பேரில் ஒருத்தி நான். இன்னொருவன் உன் அறைத்தோழன், அவனும் நீ பக்கத்தில் நின்றால்தான் படிப்பான். முதலில் செல்போன் விமர்சனம் எழுதினாய். உன்னிடம் இருந்ததோ திரை உடைந்த ஒரே போன். பிறகு பயணக் கட்டுரை, அதுவும் நீ வேலைக்குப் போகும் பஸ்ஸைப் பற்றி. தனியாக இருப்பவர்களுக்குச் சமையல் என்று ஒன்று ஆரம்பித்து மூன்றாவது பதிவிலேயே முட்டை தீர்ந்துவிட்டது. யாருமே வராத பக்கத்தில் வெவ்வேறு பெயரில் நான்தான் “அருமை”, “தொடருங்கள்” என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவுகள் மோசமாக இருந்தாலும் அவற்றில் பொய் இல்லை.

அப்புறம்தான் நம் அறையைப் பற்றி எழுதினாய். ஒரே வாரத்தில் ஊர் உலகமெல்லாம் படித்தது. நீ போன் பண்ணி, “இப்பத்தான்டி தெரியுது நான் எதை எழுதணும்னு. எல்லாரும் பொருளைப் பத்தி எழுதுறாங்க, நான் பொருள் இல்லாததைப் பத்தி எழுதப் போறேன்” என்று கத்தினாய். அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தளத்துக்கு “ஒற்றை நாற்காலி” என்று பெயர் மாற்றினாய். குறைந்த பொருளோடு வாழ்வது எப்படி என்று வசதியுள்ளவர்கள் உன்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அலமாரி நிறையத் துணி வைத்திருப்பவர்கள், அதில் பாதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உனக்கு நன்றி எழுதுகிறார்கள். நமக்குத் தூக்கிக் கொடுக்க என்ன இருந்தது? நாற்காலி ஒன்றுதான் இருந்தது, ஏனென்றால் இரண்டாவது வாங்க முடியவில்லை. இதில் தத்துவம் எங்கிருந்து வந்தது?

நீ எப்படி எழுதுகிறாய் என்று வாசகர்கள் கேட்டதற்குப் பதில் போட்டிருந்தாயே, அதையும் படித்தேன். வெள்ளை மேசை, எலுமிச்சைத் தண்ணீர், ஒரு மணி நேர மௌனம். “ஒரு ஞாபகத்தை எடுத்துக்கொள்வேன். அதிலிருந்து வலியை நீக்குவேன். மிஞ்சுவதை எழுதுவேன்.” அதை இரண்டு தடவை படித்தேன் அண்ணா. நீ நீக்கிய வலி எங்கே போகிறது என்று நினைக்கிறாய்? இங்கேதான் இருக்கிறது. இருமிக்கொண்டிருக்கிறது.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, “அந்தப் பழைய தட்டு ஓரத்துல என்ன கலர்மா? நீ துணி காயப்போட்ட கயிறு எதுல கட்டியிருந்துச்சு?” என்று கேட்கிறாய். பிள்ளைக்கு வீட்டு நினைப்பு என்று அம்மா உருகிப்போகிறாள். வியாழக்கிழமை அந்தத் தட்டு உன் தளத்தில் வந்துவிடுகிறது. அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று நீ கேட்பது போனை வைக்கப் போகும்போதுதான். கூட்டத்தில் நடந்ததை நான் வந்து சொன்னபோதும், “விடுடி, அவன் நல்லாத்தானே எழுதியிருக்கான்” என்றாள். உன் பதிவில் வரும் அம்மா யாரையும் திட்டுவதில்லை, தண்ணீர்க் குழாயில் சண்டை போடுவதில்லை, அவளுக்கு மூட்டு வலியும் கிடையாது. நம் அம்மாவுக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்காக அவளைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

நான் கேட்பது இதுதான். அந்தப் பதிவை எடுத்துவிடு. அந்த அறை எப்படி இருந்தது என்று உண்மையை எழுதி, உன் பெயர் போட்டுக் கம்பெனிக்கு ஒன்று அனுப்பு, எங்களுக்கு ஒன்று அனுப்பு. மேலிடத்தில் மறுபடி கேட்க ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று லாரி மாமா சொல்கிறார். மாத முடிவுக்குள் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

 

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது என்று தெரிந்துகொண்டேன். நீ சொல்லித் தெரியவில்லை, உன் தளத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

என் உறையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறாய். அதே வெள்ளை மேசை, பக்கத்தில் ஒரு செடி, ஓரமாக வெயில். “தங்கையின் கையெழுத்து” என்று தலைப்பு. “இந்த அவசர உலகில் எனக்காக ஒருத்தி உட்கார்ந்து பேனா பிடித்திருக்கிறாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எழுதினாள் என்பதே போதும்.” கீழே எத்தனை இதயங்கள்! ஒரு பெண், எனக்கு இப்படி ஒரு தங்கை இல்லையே என்று ஏங்கியிருக்கிறாள். நல்லவேளை, இல்லை.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம் அண்ணா. அதற்காகத்தான் உறையை ஒட்டினேன்.

அந்தப் படத்தைப் போட்ட அன்று சாயங்காலம் போனில் பேசினாயே, அதையும் மறக்கவில்லை. “உன் கோபம் எனக்குப் புரியுதுடி” என்று ஆரம்பித்தாய். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உனக்கு மறந்துவிட்டது போல. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க, குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போனவர்களின் புகாரைக் கேட்கிற வேலை. “உங்கள் சிரமம் புரிகிறது” என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம். ஒன்றும் செய்யப்போவதில்லை என்று தெரிந்தால் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீ மெதுவாகத்தான் சொன்னாய்.

அப்புறம் சொன்னாய், “என் தளத்துக்குன்னு ஒரு குரல் இருக்குடி. ஜனங்க அங்க நிம்மதி தேடி வர்றாங்க. இவ்வளவு நாள் கஷ்டப்பட்டுப் பிடிச்ச இடம். திடீர்னு புகார் எழுதினா ஒருத்தனும் நிக்கமாட்டான்” என்று. நியாயம்தான். கண்டுபிடிக்க உனக்கு நான்கு வருடம் ஆயிற்று. ஆனால் அந்தக் குரல் யார் தொண்டையிலிருந்து எடுத்தது என்று யோசித்தாயா? அதன் சொந்தக்காரருக்கு இப்போது ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை.

கடைசியில், காற்றைச் சுத்தப்படுத்துகிற செடி ஒன்று இருக்கிறது, வாங்கி வை என்றாய். வெளிச்சமே வராத அறையில் செடி வைக்கச் சொன்ன முதல் ஆள் நீதான். லாரி மாமாவிடம் சொன்னேன். “வச்சுப் பாரு பாப்பா, செடியும் நம்மகூடச் சேர்ந்து மனுல கையெழுத்துப் போடும்” என்றார்.

அப்பா இப்போது உள்ளே படுப்பதில்லை. படுத்தால் மூச்சு வாங்குகிறது. நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறார். சந்து ஒடுக்கம், கிடங்கு வண்டி வந்தால் அவரை எழுப்பி நாற்காலியைத் தூக்க வேண்டும். ஓட்டுநர்கள் நல்லவர்கள், ஹாரன் அடிக்காமல் இறங்கி வந்து அவர்களே தூக்குகிறார்கள். நேற்று அதிகாரி அந்தப் பக்கமாக வந்தார். அப்பாவைப் பார்த்து, “காத்து வாங்குறீங்களா? பையன் எழுதுற மாதிரியே இருக்கீங்க” என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை அண்ணா. நிஜமாகவே பாராட்டினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உன்மேல் கோபமா என்று அப்பாவிடம் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு, “அவனுக்கு ஜன்னல் இருக்கா?” என்றார். நீ போடும் படங்களைக் காட்டினேன். வெயில் விழும் மேசையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா இருக்கட்டும்” என்றார்.

அவரைப் போல நான் நல்லவள் இல்லை. அதனால் கேட்கிறேன். மேலிடத்துக் கூட்டம் வெள்ளிக்கிழமை. எங்கள் பேச்சு எடுபடாது, எடுபட்டிருந்தால் போன தடவையே எடுபட்டிருக்கும். அவர்களும் உன்னைத்தான் படிக்கிறார்கள், உன்னைத்தான் நம்புகிறார்கள். கட்டுரை வேண்டாம். செடி, வெயில், மேசை எதுவும் வேண்டாம். உன் குரல் கெட்டுவிடும் என்று பயந்தால் ஒரே ஒரு வரி போதும். அதையும் நீ புதிதாக யோசிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே சொன்னதுதான்.

நீ இந்த வீட்டை விட்டுப் போன அன்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மா அப்பாவுக்குக் கேட்காமல் என்னிடம் மட்டும், “இங்க என்னால மூச்சு விட முடியலடி” என்றாய்.

அதை எழுது. எழுதுவாயா?

உன் தங்கை