எலும்பு டாக்டர் படிக்காத வரி

திருவொற்றியூர்,
செவ்வாய் காலை, கடையிலிருந்து.

அன்பு மகள் சுஜாவுக்கு, ஆண்டவர் கிருபையால் நீயும் மாப்பிள்ளை அபினும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் அவள் சத்தியம் வாங்கியிருக்கிறாள், எனக்குக் கை வரவில்லை. போனில் பேசினால் பக்கத்தில் வந்து நின்று கேட்பாள், கடையிலிருந்து பேசினாலும் ராத்திரி போனை வாங்கி யாரோடு பேசினேன் என்று பார்த்துவிடுவாள். நம் கடை மாசானத்தின் மகன் நாளை உங்கள் சிங்கப்பூருக்குத் திரும்புகிறான், அதனால் இதை எழுதி அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பிப்ரவரியில் லாரித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்றேனே, அது பிடிப்பு இல்லை, முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எலும்புக்கு வலு இல்லை என்று பெல்ட்டும் கால்சியம் மாத்திரையும் எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பிறகு மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்றாள். கம்பெனிப் புகை நாறும் நம் பகுதியில் நெஞ்சடைத்தால் யார் ஆஸ்பத்திரியை நினைக்கிறார்கள்? எதிர்வீட்டு ராமசெல்வி, "இது கம்பெனி காத்துதான்க்கா, ஜன்னல சாத்திகினு படு" என்றாள். நானும் தலையாட்டினேன். அதோடு விட்டேனா, நாற்றத்தைப் பற்றித் தெருவே சேர்ந்து எழுதிய மனுவில் பாதிக்கப்பட்டவர் என்று முதல் பெயராக உன் அம்மா செல்லக்கனியின் பெயரை நானே எழுதினேன். காற்று கெட்டதுதான், அந்தச் சண்டையை நான் விடப்போவதில்லை. ஆனால் அம்மாவின் மூன்று மாதம் வீணாய்ப் போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

மனுவுக்குப் பிறகு சர்ச் ஹாலில் மருத்துவ முகாம் போட்டார்கள். அங்கே ஃபிர்தௌஸ் என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா பழைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி, உறைக்குள் கிடந்த ரிப்போர்ட்டையும் படித்தார். முதல் வரியில் எலும்பு. இரண்டாவது வரியில், முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று அச்சடித்தே இருக்கிறது. "எலும்புல சுண்ணாம்பு குறையுறதும் ரத்தக்குழாய்ல படியிறதும் நெறைய பேருக்குச் சேர்ந்தே வருதுங்கய்யா, அப்பவே இருதயத்தையும் பாத்திருக்கணும்" என்றார். ஆஞ்சியோ எடுத்ததில் இரண்டு அடைப்பு. எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே எலும்பு டாக்டரிடம் போய்க் கேட்டால், ரத்தக்குழாய் என் டிபார்ட்மென்ட் இல்லை சார் என்கிறார். படத்தில் இருப்பது ஒரே பொம்பளைதானே, அவளை டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரித்தா படம் பிடித்தார்கள்? அங்கே நான் கத்திய கத்தில் வாட்ச்மேன் வந்து என் கையைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து விட்டான்.

இப்போது அவரைவிட உன் அம்மா மேல்தான் எனக்குக் கோபம். ஸ்டென்ட் வைக்க வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், மாட்டேன் என்கிறாள். வைத்தால் உடனே விமானம் ஏற விடமாட்டார்கள், உன் பிரசவத்துக்கு வர முடியாதாம். பதினெட்டாம் தேதி டிக்கெட்டை பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, உனக்குப் பிரசவ மருந்தும் இடித்து டப்பாவில் அடைத்துவிட்டாள். "எம்பிள்ள அங்க ஒத்தையில கெடக்கும், நெஞ்ச திரும்பி வந்து பாத்துக்கிடலாம்" என்கிறாள். நான் சொல்லியாயிற்று, பாஸ்டரும் சொல்லியாயிற்று.

அதனால் கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணி, பிரசவத்துக்கு அபினின் அம்மா வருகிறார்கள், நீ வர வேண்டாம் என்று சொல்லிவிடு. பொய்தான். அழுவாள், பெற்றவளைவிட மாமியார் உசத்தியாகிவிட்டாளா என்று உன்னைத் திட்டுவாள். திட்டட்டும் மகளே, உயிரோடு இருந்து திட்டட்டும்.

உன்னையும் பிள்ளையையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. நான் எழுதியதாக அவளிடம் மூச்சு விடாதே. வியாழக்கிழமைக்குள் போன் வந்தாக வேண்டும்.

உன் அப்பா,
வேதமாணிக்கம்