தம்பியின் வோட்டு

ஒக்டோபர் 30, வியாழன்

மழை. நாலு பாகை. மேயர் தேர்தல் வேலைக்கான பயிற்சி, மூன்று மணித்தியாலம். ஓய்வுபெற்ற பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்று பெயர் கொடுத்தேன். சுவரே மேல். சொல்லித்தந்த பெடியன் தாளைப் பார்த்து வாசித்தான். கேள்வி கேட்டால் திரும்பவும் அதே தாள். கோப்பி, கழுவின தண்ணீர்.

என் மேசையில் இருக்கப்போகிறவள் ஜினெட். எழுபது தாண்டிய கியூபெக்காரி. வாய் மூடாது. ஐம்பதுகளில் நடந்த ஒரு மேயர் தேர்தலில் அவளுடைய அப்பா ஒரே நாளில் பதினொரு வோட்டுப் போட்டாராம், எல்லாம் மற்றவர்கள் பெயரில். அதற்கு அப்போது ‘தெலெக்ராஃப்’ என்று பெயர். செத்தவர்களும் வந்து போட்டுவிட்டுப் போவார்களாம். எதிர்த்துக் கேட்டால் வாசலில் தடியோடு ஆட்கள். கலியாண வீட்டுக் கதைபோலச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

“இப்போது படம் போட்ட அட்டை கேட்கிறோமே, என் அப்பா மாதிரி ஆட்களால்தான்,” என்றாள் பிரெஞ்சில்.

பெருமை வேறு.

ஒக்டோபர் 31, வெள்ளி

காற்று. வாங்க வேண்டியவை: கத்தரிக்காய், பல்ப், சப்பாத்து நாடா.

ஜான்-டலோன் சந்தை வாசலில் ஒரு வேட்பாளர். கழுத்தில் யாரோ போட்டுவிட்ட பொன்னாடை. ‘வணக்கம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முழுச் சந்தையையும் சுற்றுகிறார். பக்கத்தில் நோட்டீஸ் கட்டோடு என் தம்பி அன்ரன். தமிழ் வோட்டு முழுவதும் தன் சட்டைப்பையில் என்று அந்த மனுசனுக்குச் சொல்லிவைத்திருப்பான். அவர் பகிடி விட முந்தியே இவன் சிரிக்கிறான்.

அவனோடு கதையில்லாமல் ஆறு வருடம். என் மகள் நிரோ பிரெஞ்சுப் பெடியனைக் கட்டினபோது மாதா கோயில் மண்டபம் முழுக்கச் சொல்லித் திரிந்தான்: “அண்ணைக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியேல்லை.” கலியாணத்துக்கும் வரவில்லை.

பார்க்காமலே நோட்டீஸை நீட்டினான். நான் என்று கண்டதும் கையை மடக்கிக்கொண்டான். கத்தரிக்காய் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. அது தெரியாமல் ஒருவர் முந்தியே வந்து, கதவு திறக்கவில்லை என்று ஏசினார். பள்ளிக்கூட ஜிம். பழைய வியர்வை மணம்.

பட்டியலில் உள்ளவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. வந்தவர்களும் அரைமனதோடுதான். “அண்ணை, அன்ரன் சொன்ன ஆள் மேலையோ கீழையோ இருக்கிறார்?” என்று ஒருவர். “ஆருக்குப் போட்டாலும் குப்பை அள்ள வரமாட்டாங்கள்,” என்று அவர் மனைவி. இரண்டு பேரும் போட்டார்கள்.

அன்ரன் காலையிலிருந்து வான் வண்டியில் ஆட்களைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். உள்ளே வரவில்லை. எட்டு மணிக்குப் பூட்டுவது. பத்து நிமிடம் இருக்க ஓடி வந்தான். அவனுக்கும் எங்கள் மேசைதான். ஜினெட் அட்டை கேட்டாள். ஜாக்கெட்டைத் தடவினான், காற்சட்டையைத் தடவினான். பர்ஸ் மனைவியின் காரில். அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரோசார்டில், வேலையில்.

பொறுப்பாக நின்ற பெண் வந்தாள். அட்டை இல்லாவிட்டால் அவனைத் தெரிந்த ஒருவர் சத்தியம் செய்து சொல்லவேண்டும் என்றாள். ஜிம்மில் வோட்டுப் போட வந்த வேறு ஆளில்லை. ஜினெட் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்தாள். பிறகு என் நெஞ்சில் தொங்கின பெயரட்டையை. ஒரே குடும்பப் பெயர்.

“உங்களுக்கு இவரைத் தெரியுமா?”

“சொல்லுங்கோ அண்ணை,” என்றான் அன்ரன், மெதுவாக.

ஆறு வருடத்தில் முதல் வார்த்தை. அதுவும் ஒரு வோட்டுக்கு.

“தெரியாது,” என்றேன் பிரெஞ்சில். “தமிழரில் இந்தப் பெயர் நிறைய.”

ஜாக்கெட் ஸிப்பை மேலே இழுத்தான். பிறகு ஜினெட்டுக்கு மட்டும் ‘மெர்சி’ என்று நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

ஜினெட் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். எண்ணினோம். அவனுடைய ஆள் எங்கள் பெட்டியில் மூன்றாவது. ஒரு வோட்டால் ஒன்றும் ஆகியிராது. அதையே சொல்லிச் சொல்லி வீட்டுக்கு நடந்தேன்.

நவம்பர் 3, திங்கள்

முழங்கால் நோ. இன்றைக்கு யாராவது போன் எடுத்து ஏசுவார்கள். பதில் ஆயத்தம். என் பிள்ளையை நாறடித்தவனுக்கு நான் சாட்சி சொல்ல வேண்டுமா? நல்ல கேள்வி. கேட்க ஆளில்லை. ஒருவரும் எடுக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் பனி. பூசை முடிய மண்டபத்தில் தேத்தண்ணி. எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்று நினைத்துப் போனேன். பாட்டுக்குழு மரியதாஸ் வந்தான்.

“உம்மடை தம்பியின்ரை கூத்தைக் கேட்டீரோ? ஊரையெல்லாம் ஏத்தி இறக்கிப்போட்டுத் தன்ரை வோட்டைப் போடேல்லையாம். பர்ஸை மறந்து போனானாம், விசரன்.”

“வேறை என்ன சொன்னவன்?”

“வேறை என்ன கிடக்கு?”

அன்ரன் வாயை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாதவன். நான் தெரியாது என்றதை ஒரு கிழமையாக ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறான். எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. திட்டுவதற்கும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் நிரோவுக்குப் போன் எடுத்தேன். சித்தப்பாவின் நம்பர் யாரிடம் வாங்கலாம் என்று கேட்டேன்.

“என்னட்டை இருக்கு அப்பா,” என்றாள். “சித்தப்பா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எடுக்கிறவர்.”

எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.