விற்பவர் அவசரம்: அதிகம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. வண்டி கழுவும் ஆள் வரவில்லை. வானமே கழுவிவிட்டது, சம்பளம் மிச்சம்.

இன்றைய வேலை: ஆர்.சி. பெயர் மாற்றம் இரண்டு. இன்சூரன்ஸ் புதுப்பிப்பு ஒன்று. பல் டாக்டர், மறுபடியும் தள்ளிவைப்பு.

அண்ணன் சேர்ந்திருக்கும் ஆன்லைன் கம்பெனியிலிருந்து ஒரு 'லீட்'. கார் வாங்கவோ விற்கவோ நினைப்பவரின் பெயரும் நம்பரும். காசு கொடுத்து வாங்குவது. போன் போட்டேன். எடுத்தவர் நல்லேப்பிள்ளி தேங்காய் வியாபாரி. போன வருடம் எங்கள் யார்டிலேயே பழைய கார் எடுத்தவர்.

"ஏனுங்க, வண்டிய விக்கறீங்களா விக்கறீங்களான்னு காலைல இருந்து ஆளு மாத்தி ஆளு கூப்படறாங்க. இப்ப நீங்களுமா? நான் எப்பங்க விக்கறேன்னு சொன்னேன்?"

எங்கள் ஆளை எங்களுக்கே விற்றிருக்கிறார்கள். மார்ச்சில் எங்கள் பில் கம்ப்யூட்டரைத் தங்களுடையதோடு இணைத்துக்கொண்டார்கள். விற்ற, விற்கிற ஒவ்வொரு வண்டியின் விலை, வாங்கியவர் பெயர், நம்பர், ஊர், எல்லாம் அவர்களுக்குப் போகும். பதிலுக்கு லீட் வரும். எந்த வண்டியை என்ன விலைக்கு எடுக்கலாம் என்று திரை சொல்லும். நம் கிணற்றுத் தண்ணீரை உறிஞ்சி, பாட்டிலில் அடைத்து, நம்மிடமே விற்கிற வேலை.

அண்ணனிடம் சொன்னேன். "எல்லாக் கடைக்காரனும் சேந்துட்டான். நாம மட்டும் வெளிய நின்னா ஈ ஓட்டோணும்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. அவர் கடை. நான் பேப்பர் வேலை பார்ப்பவள். என் கணவர் மவுத்தான பின் இந்த நாற்காலியைக் கொடுத்ததே அண்ணன்தான். அதை அண்ணன் மனைவி, மைனி, வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துவார்.

ஜூன் 11, புதன்

மதியம் வெயில் எட்டிப்பார்த்தது. ஒரு டெலிவரி. சின்ன வெள்ளைக் கார்.

வாங்கியது செல்வி. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பது வயதிருக்கும். பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த பெண். பெருமாட்டியில் ஒன்றுவிட்ட சித்தி வீட்டில் இருக்கிறாள். ஷிப்ட் முடிந்து வரும்போது பஸ் இல்லை, அதனால் கார். கையெழுத்துப் போடும்போது இடது மணிக்கட்டு சரியாகத் திரும்பவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒடிஞ்சு கூடுனதுங்க்கா. சரியாக் கூடல." கொஞ்சம் கழித்து, "அவரு தாங்க" என்றாள்.

மேலே கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். வெளியேறி எட்டு மாதம் ஆகிறது. எங்கே இருக்கிறாள் என்று புருஷனுக்குத் தெரியாது. நம்பர்கூட மாற்றிவிட்டாள்.

"என்ற பேரு, ஊரு எதுவும் வெளிய போகாதுங்களே அக்கா?"

"ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும். வேற எங்கயும் போகாது" என்றேன்.

சொல்லிவிட்டு, உட்கார்ந்து, பில் போட்டேன். பெயர், பிறந்த தேதி, நம்பர், ஊர், விலை. எங்கே போகிறது என்று திங்கட்கிழமை இதே நோட்டில் எழுதியவள்தான் நான். அந்த நேரத்தில் அது இதோடு சேர்ந்து நினைவுக்கு வரவில்லை. பில் போடுவது கைப்பழக்கம், அவ்வளவுதான்.

வண்டியை எடுக்கும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கியர் மாற்றுவதில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம்.

ஜூன் 14, சனி

மாங்காய் ஊறுகாய் பூசணம். இந்த ஈரத்தில் உப்பு போதவில்லை.

காலையில் செல்வி எங்கள் கடையைத் தாண்டிப் போனாள். நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "நேத்து ட்யூட்டி முடிஞ்சு நானே ஓட்டிட்டு வந்தேனுங்க்கா. சித்தி நம்பவே இல்ல" என்றாள். இந்த வாரத்தில் கேட்ட ஒரே நல்ல சேதி.

ஜூன் 17, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினோரு மணிவாக்கில் ஒருவன் யார்டுக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. நெற்றியில் சந்தனம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கடைக்கு வருகிறவர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை.

"ஏனுங்க மேடம், என்ற சம்சாரம் இங்க வண்டி எடுத்திருக்கறாங்க. அதைப் பத்தி ஒண்ணு கேக்கோணும்."

யார் என்று கேட்டேன். "செல்விங்க." அப்படி யாரும் எடுக்கவில்லை என்றேன். அவன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே போனை எடுத்து நீட்டினான்.

'வாழ்த்துகள் செல்வி! உங்கள் புதிய காருக்கு எங்கள் அன்பளிப்பு. பெருமாட்டியில் உங்கள் வீட்டுக்கு அருகிலேயே முதல் சர்வீஸ் இலவசம்.' கீழே வண்டி நம்பர். அதற்கும் கீழே எங்கள் கடைப் பெயர்.

"பெருமாட்டில எங்கன்னு மட்டும் சொன்னீங்கன்னா போதுமுங்க. புருசன் பொண்டாட்டிக்குள்ள சின்னச் சடவு. கூட்டிட்டுப் போயிருவேன்."

தெரியாது என்றேன். "பரவால்லீங்க. வெள்ளை வண்டி, நம்பர் இருக்குது. சின்ன ஊருதானுங்களே" என்றான். வெளியே போய் நிதானமாகச் செருப்பை மாட்டினான்.

உடனே செல்வியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். "அவருக்கு எப்படிங்க்கா தெரிஞ்சுது?" என்றாள். எங்கள் கடையிலிருந்துதான் போயிருக்கிறது என்றேன். எப்படிப் போகும், நீங்கதான் போகாதுன்னு சொன்னீங்களே என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சித்திய எச்சரிக்கை பண்ணோணும், வெச்சர்றேனுங்க" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 18, புதன்

கம்பெனிக்குப் போன். பாட்டு, பாட்டு, பிறகு ஒரு பெண் குரல். தேன் போன்ற குரல்.

செல்வியின் விவரத்தை அழித்துவிடுங்கள் என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

"உங்க கன்சர்ன் புரியுது மேடம். எங்க சைடுல எடுத்திடலாம். ஆனா பார்ட்னர்ஸுக்கு ஏற்கெனவே ஷேர் ஆயிருக்கும். அது எங்க கண்ட்ரோல்ல இல்ல மேடம்."

பார்ட்னர்ஸ் யார்? இன்சூரன்ஸ், சர்வீஸ், லோன், இன்னும் யார் யாரோ. அவளுக்கே பட்டியல் தெரியாது.

புது நம்பரை அல்லவா எழுதினேன், அவன் போனுக்கு எப்படிப் போனது? அதையும் பெருமையாகச் சொன்னாள். முன்பு பொள்ளாச்சியில் ஸ்கூட்டர் வாங்கியபோது கொடுத்த நம்பராம். புருஷனுடைய நம்பர். பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து இரண்டும் ஒரே ஆள் என்று சிஸ்டமே பொருத்திக்கொண்டதாம். "கஸ்டமர் எந்த ஆஃபரையும் மிஸ் பண்ணக்கூடாதுன்னுதான் மேடம்."

வைக்கும் முன் எங்கள் சேவைக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று கேட்டாள்.

அண்ணனிடம் கேட்காமலே அந்த இணைப்பைத் துண்டித்தேன். மாலையில் தெரிந்துகொண்டார்.

"உன்னைய யாரு தொடச் சொன்னா?"

"அந்தப் புள்ளைய அவன் கொன்னு போட்டா என்ன அண்ணே பண்ணுவீங்க?"

"நான் என்ன வேணும்னா அனுப்புனேன்? எல்லாருக்கும் போகுது. கச்சவடம், யாவாரம்னா இப்ப இதுதான்."

கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். செல்விக்குப் போன் போட்டு நான் பேசட்டுமா என்றுகூடக் கேட்டார். பேசி என்ன சொல்வார்?

ஜூன் 20, வெள்ளி

பல்வலி. கிராம்பு.

இரண்டு நாளாக அவன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான். சும்மா நிற்கிறான். கையில் பூ வேறு. செல்வி ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். ரோட்டில் நிற்கிறவனை எப்படிப் பிடிப்பது, மேலே கை வைத்தால் சொல்லுங்கள் என்றார்களாம். கை வைத்ததற்குத்தான் அவள் மணிக்கட்டு இருக்கிறதே.

ஜும்மா தொழுகை முடிந்து அண்ணன் வந்த நேரம் செல்வியும் வந்தாள், வண்டியோடு. சித்தியின் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள்.

"அக்கா, இதைத் திருப்பி எடுத்துக்குங்க. நம்பரை வெச்சே பின்னால வர்றாரு. நான் மலைப் பக்கம் போறேன். கூடப் படிச்ச புள்ள ஒருத்தி அங்க இருக்கறா."

அண்ணன் நம்பரைத் தட்டினார். நான் துண்டித்தது மறுநாளே மீண்டும் இணைந்துவிட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. திரையில் விலை வந்தது. அவள் கொடுத்ததைவிட எவ்வளவோ கீழே. பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி.

விற்பவர் அவசரம்: அதிகம்.

அவள் போனில் தன் வண்டி என்ன விலை போகும் என்று திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறாள். அதுவும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இவள் பயப்படுகிறாள், குறைத்துக் கேள் என்று சொல்லத் தெரிகிறது அதற்கு.

அண்ணன் அந்த விலையையே சொன்னார். செல்வி தலையாட்டிவிட்டாள்.

"அண்ணே, வெளிய வாங்க." வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். "அந்த அவசரத்த உண்டாக்குனதே நாமதான்."

"ஒம்போது நாளு ஓடுன வண்டி ஆயிஷா. அதுவும் ஆர்.சி.ல இன்னொரு பேரு ஏறிப்போச்சு. மார்க்கெட் வெலைதான் தர முடியும்."

"மார்க்கெட்டுங்கறது யாரு அண்ணே? அந்தத் திரையா?"

தாடியைத் தடவினார். உள்ளே போய்க் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். தானம் கொடுத்த முகத்தோடு.

அங்கேயே உட்காரவைத்து, கடைப் பெயருக்கு மாற்ற வேண்டியதை எல்லாம் பதிந்தேன். அவள் இனி இந்தப் பக்கம் வர வேண்டியிருக்கக் கூடாது.

ஒரு யோசனை சொன்னேன்: மலையில் வேறு ஒரு பழைய வண்டி பார்த்துக்கொள்ளலாமே?

"வேண்டாமுங்க்கா. பஸ்ல ஏறுனா யாரும் பேரு கேக்க மாட்டாங்க."

ஜூன் 21, சனி

அதிகாலை, பாலக்காடு பஸ் ஸ்டாண்ட். நானே கொண்டுபோய் விட்டேன். பொள்ளாச்சி, உடுமலை வழி போனால் கிட்டம். ஆனால் பொள்ளாச்சி. அதனால் திருச்சூர் போய், சுற்றி மலை ஏறுகிறாள். ஒரு பை, ஒரு குடை. போய் இறங்கும் ஊர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. நோட்டைக்கூட நம்பவில்லை இப்போது.

டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தாள். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன், கண்டக்டர் மணி அடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் மைனியின் போன்: "கடை நேரத்துல எங்க ஊர் சுத்தப் போயிட்ட?"

ஜூன் 25, புதன்

மழை விடவில்லை. யார்டில் தண்ணீர் தேக்கம்.

காலையில் திரையில் பச்சை விளக்கு. 'உறுதியான வாடிக்கையாளர். இதே வண்டியைத் தேடுகிறார். உடனடிப் பணம்.' வெள்ளைக் கார். வாங்க விரும்புபவர் ஊர் பொள்ளாச்சி. பெயரைப் படித்தேன். செல்வி கொடுத்த பேப்பரில் அவள் பெயருக்குப் பின்னால் இருந்த அதே புருஷன் பெயர்.

கம்பெனி அவனுக்குச் சேதி அனுப்பியிருக்கிறது: நீங்கள் பார்த்த கார் விற்பனைக்கு வந்துவிட்டது.

"அவனுக்கு மட்டும் வேண்டாம் அண்ணே."

"சொன்ன வெலைக்கு எடுக்கறான். பேரம்கூடப் பேசல."

"எதுக்கு எடுக்கறான்னு தெரியுமா?"

"வாங்க வர்றவனோட குணத்தப் பாத்து வித்தா இந்த யார்டுல ஒரு வண்டி நகராது புள்ள. அந்தப் பொண்ணுதான் போயிருச்சே. இனி வண்டி வெறும் தகரம்."

வெறும் தகரம்தான். நானும் அப்படி நினைக்கப் பார்த்தேன். சாயங்காலம் குடை பிடித்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்து டேஷ்போர்டு, சீட்டுக்கு அடி, டிக்கி எல்லாம் துழாவினேன். ஒரு ஹேர்பின். ஆஸ்பத்திரி கேன்டீன் சீட்டு. ஒரு பாக்கெட் இஞ்சி மிட்டாய். சித்தி வீட்டு வாசல் சேறு மிதியடியில். அதையும் கழுவினேன்.

ஜூன் 27, வெள்ளி

வந்தான். செருப்பைக் கழற்றினான். அண்ணன் டீ வரவழைத்தார்.

பில் போடச் சொன்னார். முடியாது என்றேன். அவரே உட்கார்ந்து ஒரு விரலால் தட்டித் தட்டிப் போட்டார். இதுவும் போய்ச் சேர்ந்திருக்கும்.

சாவியை வாங்கிக்கொண்டு அவன் என்னிடம் வந்தான்.

"பொம்பள ஓட்டுன வண்டி, தேய்மானம் இருக்காதுங்க" என்றான். "ஊட்டு முன்னால நிக்கட்டும். போற வர்றவங்க பாக்கட்டும். எப்படியும் அவ காதுக்குப் போகும்."

உடனே ஓட்டிப் போகவில்லை. முன் சீட்டில் வெகுநேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து வெளுத்தது. பிறகு கிளப்பினான்.

என் சாவிக்கொத்திலிருந்து ஆபீஸ் சாவியைக் கழற்றி அண்ணன் மேசையில் வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாளைக்கு வந்து எடுத்துக்க" என்றார்.

ஜூன் 30, திங்கள்

போகவில்லை. சனிக்கிழமையும் போகவில்லை. அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டார். மைனி ஒரு தடவை, "இனி எதை வெச்சு வாடகை கட்டுவ?" என்று. தெரியவில்லை. கொழிஞ்சாம்பாறையில் ஒரு அரிசி மண்டியில் கணக்குக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். கேட்டுப் பார்க்க வேண்டும்.

பல் பிடுங்கியாயிற்று. பஞ்சு. பேச்சு சரியாக வரவில்லை.

மத்தியானம் தெரியாத நம்பர். செல்வி. யாருடைய போனிலிருந்தோ. ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. குளிர் தாங்கவில்லை, ரெண்டு கம்பளி, தேயிலைக் காட்டில் அட்டை கடித்துவிட்டது, எல்லாம் சொன்னாள். இப்படி அவள் நிறுத்தாமல் பேசிக் கேட்டதே இல்லை.

பிறகு, "அக்கா, என்ற வண்டி வித்துப் போச்சுங்களா?"

போய்விட்டது என்றேன்.

"யாருங்க எடுத்தாங்க?"

வெளியூர்க்காரர் ஒருவர் என்றேன்.

"நல்லா வெச்சுக்குவாங்களாங்க்கா?"

பஞ்சை வாயிலிருந்து எடுத்தேன்.

"வெச்சுக்குவாங்க செல்வி. நீ மழைல நிக்காம உள்ள போ" என்றேன்.