மூன்றாவது ஆட்டத்துக்கு முன்

எத்தாளை,
திங்கட்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

ஹாஜராவின் வாப்பாவுக்கு அஸ்ரியாவின் ஸலாம்.

சனிக்கிழமையிலிருந்து நீங்கள் போனை எடுக்கவில்லை. "இனி எறியமாட்டன், ஊருக்கு வாறன்" என்ற செய்தி மட்டும் நேற்றிரவு வந்தது. அதனால் தாளில் எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன். முழுவதையும் வாசியுங்கள்.

இங்கே எல்லோரும் சுகம். சோளகக் காற்று அடங்கி மாமா கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஹாஜராவின் இருமல் நின்றுவிட்டது. கிணற்று மோட்டர்தான் இன்னும் சத்தம் போடுகிறது.

சனிக்கிழமை ஆட்டத்தை ஒன்றாக இருந்து பார்த்தோம். பக்கத்து வீட்டுக் கத்தரினா அக்காவும் வந்திருந்தா. லீக் ஆட்டங்கள் முடிந்து இது கிண்ணத்துக்கான முதல் சுற்று, மூன்றில் இரண்டை வென்றால் மேலே போகலாம் என்று நான்தான் விளங்கப்படுத்தினேன். கல்பிட்டியில் கிரிக்கெட் விளையாடிய மகன், கொழும்பில் வேலை பார்த்த இடத்தில் பேஸ்போல் பழகி, ஜப்பானில் சம்பளத்துக்கு விளையாடும் கதையை மாமா அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக்குக் கிட்ட உங்களைப் பந்தெறியக் கூப்பிட்டபோது கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

பிறகு அந்தப் பந்து. அது உங்கள் கையில் வழுக்கியதை நான் கண்டேன். மட்டையோடு நின்றவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். நீங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு அசையாமல் நின்றீர்கள். வாப்பா ஏன் தொப்பியைக் கழற்றினார் என்று ஹாஜரா கேட்டாள். மன்னிப்புக் கேட்கிறார் என்றேன். சனத்துக்குள்ளிருந்து ஒரு பெண் படிகளில் ஓடி இறங்குவதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு நான் அவவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நீங்கள் வென்றதையே கத்தரினா அக்கா சொல்லித்தான் அறிந்தேன்.

நேற்றைய ஆட்டத்தைத் தனியே பார்த்தேன். நீங்கள் எறிந்த ஒவ்வொரு பந்தும் மட்டைக்காரரை விட்டு விலகி விலகிப் போனது. தோற்றது அதனால்தான் என்று மாமாவுக்கும் விளங்கியது. "ஃபாஹிம் வேணுமெண்டு எறியல்ல, அது அவனுக்குத் தெரியாதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்று காலை உங்கள் குழுவில் மொழிபெயர்க்கும் சிங்களத் தம்பிக்குப் போன் எடுத்தேன். அடிபட்டவரின் மனைவியோடு கதைக்க வேண்டும் என்றேன். குழு மன்னிப்புக் கேட்டுவிட்டது, அது போதும் என்றார். அது குழு கேட்டது, நான் எங்கள் வீட்டுக்காகக் கேட்கிறேன் என்றேன். பிறகு அவரே விசாரித்து இணைத்துவிட்டார். கோபிக்காதீர்கள், உங்களிடம் கேட்க வழியிருக்கவில்லை.

அவவின் பெயர் யூக்கோ. நான் சிங்களத்தில் சொல்ல, தம்பி அவர்கள் மொழியில் சொன்னார். கன்ன எலும்பு உடைந்திருக்கிறது, கண்ணுக்கு ஒன்றுமில்லை, பார்வை தெளிவாக இருக்கிறது என்றா. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன், மன்னியுங்கள் என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவ ஏதோ கேட்டா.

"வெளிய வாங்கில இருக்கிற உங்கட கணவர் சாப்பிட்டாரா எண்டு கேக்கிறா" என்றார் தம்பி.

அப்போதுதான் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது எனக்குத் தெரிந்தது. அவர்கள் அறைக்கு எதிரே உள்ள வாங்கில் வந்து உட்கார்ந்திருப்பீர்களாம். யாராவது வெளியே வந்தால் எழும்பிப் போய்விடுவீர்களாம். நேற்று இரண்டு தரம் அப்படி நடந்ததாம். இன்று அவவின் கணவர் கதவைச் சாத்த வேண்டாம் என்று தாதியிடம் சொல்லியிருக்கிறார்.

கோபமில்லை என்று அவ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கதவை உங்களுக்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள்.

புதன்கிழமை மூன்றாவது ஆட்டத்தில் எறிவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஊருக்கு வருவதென்றாலும் வாருங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் சாரன் மடித்தபடி அலுமாரியில் இருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் போகாமல் வந்தீர்களென்றால், இங்கே வந்தும் அந்த வாங்கில்தான் இருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

அல்லாஹ் அந்த வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் சுகத்தைத் தரட்டும். நாளைக்கே உள்ளே போங்கள். பேச்சு வராவிட்டால் பரவாயில்லை, எனக்கும் வரவில்லை.

உங்கள்,
அஸ்ரியா