கூட்டாளி வீடு

ஆசிரியர் அறை ஆணியில் உன் நீல மழைக்கோட்டு இன்னும் தொங்குகிறது. இன்று காலை காற்றில் அது அசைந்தபோது அந்தப் பழைய ரப்பர் வாசனை வந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று பியூன் சொல்லிவிட்டுப் போனார். மாசியில் நீ செத்துப்போன பிறகு வரும் முதல் புயல் இது.

கூண்டு ஏறினால் நம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், நாளைக்கு லீவு. அப்படி ஒரு நாளில்தான் நீ எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தை ஆரம்பித்தாய். பூமியைக் காப்பது, உலகக் குடிமக்களாக இருப்பது என்று புத்தகம் பெரிதாகப் பேசியது. முதல் பக்கத்தில் ஒரு பனிக்கரடி. "கரடிக்கு அப்புறம் அழுவலாம். யாரு வீட்டுக்குள்ள தண்ணி வரும்? கை தூக்குங்க" என்றாய். ஒரு கைகூட எழவில்லை. பள்ளத்தில் இருக்கும் தேங்காய்த்திட்டுப் பிள்ளைகள்கூட வீட்டில் மாடி இருப்பதாகச் சாதித்தார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் நான், சாக்பீஸ் வாங்க வந்து வாசலில் நின்றேன். என்னைப் பார்த்தாய்.

"நீ தூக்குடி."

என் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் வரும் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். கூச்சத்தோடு தூக்கினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது.

அன்றே பள்ளத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாடி வீட்டுப் பிள்ளையைக் கூட்டாளி ஆக்கினாய். மழை இல்லாத மாதத்தில் ஒரு முறை குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுப் பழக வேண்டும், கூண்டு ஏறினால் அங்கே போய்விட வேண்டும். "பக்கத்துத் தெருவுல போய் நிக்கவே கூச்சம்னா அப்புறம் என்னடி உலகக் குடிமக்கள்?" என்பாய். எனக்குக் கூட்டாளி வீடு முத்தியால்பேட்டையில் உன் மாடி. கரண்ட் போய், எதிர்வீட்டுத் தகரம் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் நான் உன் கையைப் பிடித்துக்கொள்வேன். "எனக்கும்தான் பயமா இருக்கு. உனக்குன்னு தனியாவா அடிக்குது காத்து?" என்று திட்டுவாய், ஆனால் கையை விடமாட்டாய்.

இப்போது உன் வகுப்பு என்னிடம். இன்று ஜன்னல்களைச் சாத்திவிட்டு யார் யார் எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தேங்காய்த்திட்டு யாழினி எழுந்தாள். அவள் அப்பா படகில் மீன்பிடிக்கப் போகிறவர்.

"மிஸ், நாங்க பெரியவங்களாவறப்ப நம்ம ஊரே தண்ணிக்குள்ள போயிடுமா?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவும் பயம், உண்மையைச் சொல்லவும் பயம். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். "தெரியலம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். யாழினியின் கூட்டாளி ஆயிஷா, பெரிய மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவரின் மகள், மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், உங்க கூட்டாளி வீடு எது?"

உன் மாடியில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நான் திரும்பிக் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினேன். எனக்குப் போக வீடு இல்லை என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலமாகிவிட்டது. கடல் இரைச்சல் என் சமையலறை வரை கேட்கிறது. வாசற்படியில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கிறது. துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டே இதை எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது. ஆயிஷா வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்; அவள் அம்மா மறுபடியும் போன் செய்தார். "யாழினி வூட்டுக்காரங்க வந்துட்டாங்க டீச்சர். உங்களுக்கும் சேத்துதான் சோறு ஆக்கியிருக்கேன். தனியா இருக்காதீங்க, கெளம்பி வாங்க."

நீ இருந்தபோது எனக்கு உன் வீடு ஒன்றுதான் தெரியும். இப்போது, இதுவரை நான் படியேறாத ஒரு வீட்டில் எனக்கும் தட்டு வைத்திருக்கிறார்கள். பயம் கொஞ்சமும் குறையவில்லை. பயத்தோடு போய் ஒரு கதவைத் தட்டலாம் என்பது மட்டும் உன்னிடமிருந்து என்னிடம் தங்கியிருக்கிறது. கிளம்பிவிட்டேன்.