எட்டாவது இலக்கத்துக்கு அப்புறம்

ஞாயிறு, 2

மாலையில் மழை. குடை காரிலேயே. ஈப்போவில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அக்கா பேசி வைத்த சம்பந்தம். காம்பாரில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறது.

உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். மீன்கறி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். 73939133 என்றேன். பகா எண். ஒன்றையும் தன்னையும் விட்டால் வேறு எதனாலும் வகுபடாது. கடைசி இலக்கத்தை ஒவ்வொன்றாக உதிர்த்தாலும் மிஞ்சுவது பகா எண்தான், 7 வரைக்கும். இந்தக் குணமுள்ள எண்களில் இதுதான் ஆகப் பெரியது. டிஷ்யூவில் எழுதியும் காட்டினேன். அவள் ரொட்டி ஆறிப்போனது.

யோசித்துச் சொல்கிறாளாம். டிஷ்யூவை எடுத்துக்கொண்டு போனாள். கை துடைக்க இருக்கும்.

அக்கா: "பொண்ணு பாக்கப் போனியா, டியூசன் எடுக்கப் போனியா?"

திங்கள், 3

வெயில். டியூசனில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இயற்கணிதம். ஸ்டெல்லாவிடமிருந்து மெசேஜ்: 7. வெறும் 7. கை தவறி அழுத்தியிருப்பாள்.

செவ்வாய், 4

73!!

கை தவறவில்லை.

வியாழன், 6

நேற்று 739. இன்று 7393. தினம் ஓர் இலக்கம். எட்டாவது வந்ததும் பதிலும் வரும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். முடி வெட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் கோப்பெங்கில் அக்கா வீடு. போனை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது என் புத்தி.

வெள்ளி, 7

மெசேஜ் இல்லை. மழையும் இல்லை, புழுக்கம்.

விஷயம் இப்போதுதான் தெரிந்தது. மச்சான், அக்கா வீட்டுக்காரர், கார் மோதினால் நம்பர் பிளேட்டைப் பார்த்து நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற மனிதர். என் போனில் 7393-ஐப் பார்த்ததும் நம்பர் கடைக்கு ஓடியிருக்கிறார். அதோடு விட்டாரா? ஸ்டெல்லாவுக்கே போன் போட்டிருக்கிறார்: "தங்கச்சி, கனவுல வந்த நம்பரா? அடுத்தது எப்ப வரும்?"

சூதாடிக் குடும்பம் என்று நினைத்திருப்பாள். அழுகை வருகிறது. மச்சானோ, நான் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று அக்காவிடம் கேட்டாராம்.

சனி, 8

ஒன்றும் வரவில்லை. டியூசனில் 51-ஐப் பகா எண் என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் சிரிப்பு.

ஞாயிறு, 9

தூறல். கோயிலில் பூசை முடிந்து போனைத் திறந்தால் 73939133. மொத்தமாக. கீழே, "உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க, இது நம்பர் கடையில அடங்காது."

செருப்பு மாட்டுமுன் இன்னொன்று. "ஒம்பதாவதா என்ன சேத்தாலும் வகுபட்டுப் போகுதே?"

ஆமாம், அதற்குமேல் வளராது என்று ஆரம்பித்தேன். 1 அல்லது 7 சேர்த்தால் மூன்றால் வகுபடும், 3-ம் 9-ம் கொஞ்சம் அடம்பிடிக்கும், ஆனாலும் வகுபடும். நீள மெசேஜ். அனுப்பிய பிறகு தலையில் அடித்துக்கொண்டேன்.

பதில் உடனே வந்தது.

"தெரியும் லா. அதான் நம்பர நிப்பாட்டிட்டு அப்பாகிட்ட பேசிட்டேன். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வாங்க. மச்சானையும் கூட்டிட்டு வாங்க, அந்த 7393-ஐ எங்கப்பாவும் எடுத்துருக்காரு."